வேலியோரக் கற்கள்

மண் தோண்டும் வண்டி பண்ணைச் சாலையில் திரும்பியதுமே வெர்லின் இடுகாட்டு வாசலுக்கு வந்து நின்றார். மனைவி ஆர்டிஸ் இறந்து மூன்றாம் நாள். பிராக்டர் குடும்ப இடுகாட்டின் நடுவே, வெறும் புல்லாகக் கிடக்கும் இடத்தில்தான் தன்னைப் புதைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். நெப்ராஸ்காவின் இந்த மூலையில் முதலில் குடியேறியவர்கள் வெர்லினின் முன்னோர்களான அந்தப் பிராக்டர்கள். இடுகாட்டைப் பாரம்பரியச் சின்னமாக்க முப்பது வருடம் நடையாய் நடந்தவள் ஆர்டிஸ். சின்னமான இடத்தில் புதிதாக யாரையும் புதைக்கக் கூடாது என்ற விதியை அவளுக்காக மட்டும் தளர்த்தியிருந்தார்கள்.

அந்த இடம் காலியில்லை என்பது வெர்லினுக்கு மட்டுமே தெரியும். பத்தொன்பது வயதில், பதினொரு கல்லறைக் கல்லையும் சுற்றிச் சுற்றிப் புல் வெட்டி அலுத்துப்போய், அவரும் அவர் அப்பாவும் கற்களைப் பிடுங்கினார்கள். அதுவரை சோளம் விளைந்த ஓரத்துக்கு வேலியைத் தள்ளிப் போட்டு, அங்கே வரிசையாக நட்டார்கள். ஒரு குறிப்புகூட எழுதி வைக்காத சோம்பேறிகள். பிறகு மணமாகி வந்த ஆர்டிஸ், "அந்தக் காலத்து ஜனங்க எவ்ளோ ஒழுங்கு பாரேன்!" என்று வியந்தாள். அன்றே வாயைத் திறந்திருக்கலாம். அந்த ஒழுங்கைப் பற்றி அவள் எழுதியதுதான் இன்று வாசலில் பித்தளைப் பலகையாக நிற்கிறது. இப்போது சொன்னால் அது பொய்யாகிவிடும். மகள் ஜனெல் முகத்தில் விழிக்க முடியாது.

"என்னய்யா, பேயடிச்ச மாதிரி நிக்கற? காபியாவது குடிச்சியா?" என்றான் வண்டிக்காரன் டெல்பர்ட்.

"நீங்க உள்ள போங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்றாள் ஜனெல்.

வெர்லின் நகரவில்லை. இரும்பு வாளி புல்லைக் கிழித்தது. ஒரு அடி. இரண்டு அடி. தொண்டை அடைப்பான் நோயில் ஒரே வாரத்தில் போன நாலு குழந்தைகள் இங்கேதான் எங்கோ இருந்தார்கள். அவர்களுடைய சின்னக் கற்களை இரண்டிரண்டாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனது அவர்தான். மூன்றாவது அடியில் மண் கறுத்தது. வாளியின் பல்லில் ஒரு மரச்சிம்பு தொங்கியது, அதில் துருப்பிடித்த ஆணி.

"நிறுத்துய்யா! கீழ குழந்தைங்க இருக்கு!"

நடந்ததை எல்லாம் கொட்டினார். ஒவ்வொரு மே மாதமும் வேலியோரக் கற்களுக்குப் பூ வைத்து வளர்ந்தவள் ஜனெல். அவள் அந்தக் கற்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றினான். "அப்போ எங்கதான்யா தோண்டறது? யாரும் இல்லாத இடமாச் சொல்லு."

வெர்லின் வேலிப் பக்கம் கை காட்டினார். "அந்தக் கல்லுங்களுக்குக் கீழ. அங்க மட்டும்தான் யாருமே இல்ல."