வேனுக்குள் ஒரு அம்மிக்குழவி

காஜா நவாஸ் ஷார்ஜாவிலிருந்து புதுமடம் வந்து இறங்கி இருபத்து மூன்று நாள் ஆகிவிட்டது. இந்த இருபத்து மூன்று நாளில் மனுஷர் வீட்டில் உருப்படியாகச் செய்த வேலை என்று ஒன்று உண்டென்றால், அது சாப்பிட்டதுதான்.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். வேலை கிடைத்தால்தானே செய்வார்! தண்ணீர் மோட்டார் மக்கர் பண்ணினால் அவர் சட்டையைக் கழற்றுவதற்குள் மனைவி ஹமீதா பானு அதை ஓட வைத்திருப்பாள். கேஸ் சிலிண்டர், கரண்ட் பில், மகள் சுஹாவின் பள்ளிக்கூடம், மண்டபத்துக்குப் போய் மீன் வாங்குவது எல்லாம் அவளே, வாசலில் நிற்கும் அந்தப் பழைய வேனை ஓட்டிக்கொண்டு. சொந்த வீட்டிலேயே விருந்தாளியாக உட்கார்ந்திருப்பது அவருக்குத் தொண்டையில் மீன் முள் சிக்கியது மாதிரி இருந்தது.

சூப்பர் மார்க்கெட்டில் பதினாறு வருஷம் நின்று தேய்ந்த கால், போதுமடா என்றது. ஊரோடு இருந்துவிடத்தான் மனசும் அடித்துக்கொண்டது. திங்கட்கிழமைக்குள் வருகிறாயா இல்லையா, ஒரு முடிவைச் சொல் என்று அங்கிருந்து ஃபோன் வந்துவிட்டது. ஆனால் இருந்து என்ன செய்வது? இந்த வீட்டுக்கு நாம் எதற்கு?

அந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த வீட்டு தாஹா வந்து சேர்ந்தார்.

"காஜா, உங்க வேனுக்குப் பின்னாடி ரெண்டு செவப்பு லைட்டும் எரியல. ராமேஸ்வரம் ரோட்டுல பஸ்ஸுக்காரன் கண்ணு மண்ணு தெரியாம வாரான். பாத்துக்க."

கவலைப்பட வேண்டிய சமாச்சாரம். இவருக்கோ முகமெல்லாம் பல்.

"யாரும் தொடக் கூடாது. நான் மாட்டுறேன்."

"உச்சிப்புளி மெக்கானிக்குட்ட காட்டுனா அஞ்சு நிமிசத்துல..." என்று இழுத்தாள் ஹமீதா.

"பல்பு மாட்ட மெக்கானிக்கா? அப்ப நான் என்னத்துக்கு இருக்கேன்?"

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வேண்டுமே என்றுதான் இத்தனை பாடும். பல்பை மாட்டிவிட்டால் ஊரோடு இருப்பது, முடியாவிட்டால் 'வருகிறேன்' என்று ஷார்ஜாவுக்குச் சொல்லிவிடுவது. மனசுக்குள் பந்தயமே கட்டிவிட்டார்.

அஸர் தொழுதுவிட்டு வந்து கைலியை மடித்துக் கட்டினார். புதுப் பல்பு ரெண்டு, மண்ணெண்ணெய், சுத்தியல், மூன்று சைஸில் திருப்புளி எல்லாம் வரிசையாக வந்து இறங்கின. ஆபரேஷன் தியேட்டர் தோற்றது போங்கள். ஹமீதா வாசல்படியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

பழைய துணி தேடி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டவருக்குக் கனமாக எதுவோ தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தால் அம்மிக்குழவி!

"ஏ புள்ள, இது இங்கன என்ன பண்ணுது?"

"ஊரு சுத்திப் பாக்கணும்னு ஆசப்பட்டுச்சு மச்சான். ஏத்திட்டேன்."

மேட்டில் நிறுத்தும்போது டயருக்கு முட்டுக் கொடுக்க வைத்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டு, அதைத் தரையில் இறக்கிவிட்டுப் பின்னால் போனார். புதுமடத்துக் கடல் காற்றில் கேட்டில் அடித்த ஆணிகூட ரெண்டு மழைக்குத் தாங்காது. ஸ்க்ரூ துருப்பிடித்து இறுகியிருக்கும், ஒரு கை பார்த்துவிடலாம் என்றுதான் மண்ணெண்ணெயோடு வந்திருந்தார். திருப்புளியை வைத்து ஒரு திருகு திருகினார். வழுக்கிக்கொண்டு கையில் வந்துவிட்டது.

"பாத்தியா? என்னா பலம்!"

"மாஷா அல்லாஹ்," என்றாள் ஹமீதா, இறாலை விட்டுத் தலையை நிமிர்த்தாமல்.

இரண்டாவது ஸ்க்ரூவும் அப்படியே வந்தது. அதன் மரையில் வெள்ளையாக என்னவோ அப்பியிருந்தது. முகர்ந்தார். ரோஜாப்பூ வாசம். இந்த வாசம் அவருக்குத் தெரியாதா? ஒவ்வொரு லீவுக்கும் பெட்டியில் ஆறு டப்பா தூக்கி வருகிறாரே! ஃபோனில் கேட்கும்போதெல்லாம் "தீந்துருச்சு மச்சான், இன்னும் ரெண்டு சேத்து வாங்குங்க" என்பாள். நம் சாமான் என்றால் உயிர் இவளுக்கு என்று பூரித்துப் போவார்.

"ஹமீதா! இது என்னோட கிரீமு!"

"என்னோட கிரீமு. எனக்குத்தான குடுத்தீங்க?"

"மொகத்துக்குல்ல குடுத்தேன்!"

"மொகம் துருப்பிடிக்காது மச்சான். ஸ்க்ரூ பிடிக்கும்."

புதுப் பல்பை எடுத்து மாட்டப் பார்த்தார். அது உள்ளே போவேனா என்றது. நாலு தடவை அமுக்கியும் நடக்கவில்லை.

"முளை ஒண்ணு மேல, ஒண்ணு கீழ இருக்கும். திருப்பிப் போட்டு அமுக்கித் திருகுங்க," என்றாள் அவள் வாய் தவறி.

திருப்பிப் போட்டார். மாட்டிக்கொண்டது. ரெண்டாவதும் மாட்டிக்கொண்டது. ஆனால் பந்தயத்தில் ஜெயித்த சந்தோஷம் மட்டும் வரவில்லை.

"இதுக்கு முன்னாடி எத்தன தடவ மாத்திருக்க?"

"அது... நாலஞ்சு தடவ இருக்கும்."

காஜா நவாஸ் படியில் வந்து பொத்தென்று உட்கார்ந்தார்.

"அப்ப எனக்கு இங்கன ஒரு வேலையும் இல்ல. திங்கக்கெழம வாரேன்னு சொல்லிர்றேன் புள்ள."

ஹமீதாவின் கை நின்றுவிட்டது. கண் கலங்கியது. அவர் பார்த்துவிடக் கூடாதென்று எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தாள்.

"பல்பு மாட்டுனாப் போதுமா? பிரேக்கு லைட்டு எரியுதான்னு பாக்க வேணாமா?"

"பாக்குறது."

"எப்புடிப் பாப்பீங்க? முன்னாடி ஒருத்தர் பிரேக்க மிதிக்கணும். பின்னாடி ஒருத்தர் நின்னு பாக்கணும். புள்ள பள்ளிக்கூடம் போயிரும், நான் ஒருத்தி என்ன செய்ய?" தரையில் கிடந்த குழவியைக் காட்டினாள். "ஏழு வருசமா இதத்தான் பிரேக்கு மேல தூக்கி வச்சுட்டுப் பின்னாடி ஓடுறேன். வந்து பாக்குறதுக்குள்ள உருண்டு விழுந்துரும். திரும்ப ஓடுவேன். ஒரு தடவ காலு மேலயே விழுந்துச்சு. இங்கனயே உக்காந்து அழுதேன். வலியினால இல்ல மச்சான்."

காஜா நவாஸ் குனிந்து அவள் காலைப் பார்த்தார்.

"போங்க, ஏறி உக்காருங்க."

ஏறினார். சாவியைத் திருகிப் பிரேக்கை மிதித்தார்.

"எரியுதா?"

"ரெண்டும் எரியுது."

"கால எடுத்துறவா?"

"எடுக்காதீங்க. கொஞ்ச நேரம் பாத்துக்கிறேன்."

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குழவியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் வந்தாள்.

"இத அடுப்படிக்குக் கொண்டு போறேன். இனிமே வேனுக்கு வேணாம்ல?"

"வேணாம்," என்றார் காஜா நவாஸ், பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே.