பெர்த்தாவைத் தின்றவள்

ஏரி வாசல் கேற்றடியில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. மேலே இங்கிலிஷில் ஒரு வரி: பிடிக்கும் மீன்களை உயிருடன் திரும்ப விடவும். அதற்குக் கீழே தமிழில் இரண்டு வரி: இங்கு மீன் திருடி உண்பது குற்றம். பிடிபட்டால் பொலிசில் ஒப்படைக்கப்படுவீர்கள்.

எமில்டா காரை விட்டு இறங்காமலே அதை மூன்று தரம் வாசித்தாள். அறுபத்திரண்டு பேர் உள்ள தூண்டில் கிளப் அது. அதில் தமிழர் இரண்டே இரண்டு பேர். அவளும், லண்டன் ஈஸ்ற்ஹாமில் போன் கடை வைத்திருக்கிற தவராசாவும். அப்படியென்றால் இந்தத் தமிழ் ஆருக்கு?

அவளுக்குத்தான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஏரியில் பெர்த்தா என்று ஒரு கார்ப் மீன் இருந்தது. பதினைந்து கிலோ. வலப்பக்கத்தில் பெரிய செதில் மூன்று, சட்டைப் பொத்தான் மாதிரி வரிசையாக. கிளப்காரருக்கு அது பெற்ற பிள்ளை போல. செப்ரெம்பரில் எமில்டா அதைப் பிடித்தாள். தனியேதான் நின்றாள். போனில் படம் எடுத்து, காயம் படாமல் ஈரப்பாயில் வைத்துத் தூண்டில் முள்ளைக் கழற்றி, மெதுவாகத் தண்ணீரில் விட்டாள். படத்தைக் கிளப் வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது எல்லாரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு ஒருவர் தூண்டிலிலும் பெர்த்தா படவில்லை. ஒக்ரோபரில் பகிடி தொடங்கியது. கறி எப்படி இருந்தது, தேங்காய்ப்பால் விட்டாயா என்று. நவம்பரில் அது பகிடியாக இல்லாமல் போனது. அவள் வந்து நின்றால் பேச்சு நின்றுவிடும்.

கிளப் செயலாளர் கொலினுக்குப் போன் எடுத்தாள்.

“அது பொதுவான அறிவித்தல், எமில்டா. யாரையும் குறிவைத்து எழுதவில்லை” என்றார் கொலின்.

“பொது என்றால் ஏன் தமிழில் மட்டும் திருட்டு என்று இருக்கிறது?” என்று இங்கிலிஷில் கேட்டாள். அதற்கு அவர், தான் மொழிபெயர்ப்பாளர் இல்லை, தை மாதக் கூட்டத்தில் பேசுவோம் என்று வைத்துவிட்டார்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிறது அவள் வேலை. ஒரு நாளைக்கு அறுபது பேருடைய கையைப் பிடித்து நரம்பு தேடுகிறவள். அத்தனை பேர் நம்பிக் கையை நீட்டுகிறார்கள். இங்கே ஒரு மீன் விஷயத்தில் அவளை நம்ப மாட்டார்களாம். மன்னாரில் இருந்து வந்தவள் என்றதும் கடலில் பிறந்து வலையில் வளர்ந்தவள் என்று இவர்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். அவளுடைய அப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். தூண்டிலைத் தொட்டதே கிடையாது. எமில்டா தூண்டில் பழகியது நாற்பது வயதில், லண்டன் ஃபாரஸ்ட் கேட் பகுதியில், யூடியூப் பார்த்து. அதிலும் சேறு மணக்கிற இந்த ஏரி மீனை அவள் வீட்டுப் பூனைகூட மோந்து பார்க்காது.

தவராசாவிடம் சொல்லிக் குமுறினாள்.

“விடு பிள்ளை,” என்றார் அவர். “சண்டைக்குப் போனா கிளப் அங்கத்துவக் காட்டைப் பறிச்சுப் போடுவாங்கள். பேசாமல் இருந்தா தானாய் அடங்கும்.”

“செய்யாததுக்கு ஏன் அண்ணை நான் பேசாமல் இருக்க வேணும்?”

கடைக்கு ஆள் வந்துவிட்டது என்றார்.

டிசம்பர் இரண்டாம் கிழமை லண்டன் விறைத்தது. ஏரி முழுக்கப் பனிக்கட்டி மூடியது. அப்போதுதான் எமில்டாவுக்கு அலுமாரிக்குள் கிடந்த கமெராவின் நினைவு வந்தது. போன மாசியில் கனடாவில் இருக்கும் தம்பி றூபனிடம் போயிருந்தாள். உறைந்த ஏரி நடுவே கூடாரம் அடித்து, பனிக்கட்டியில் துளை போட்டு, தூண்டிலோடு நீருக்கடியில் பார்க்கிற கமெராவையும் இறக்கினான் அவன். கீழே மீன் வருவதும், இரையை மோந்து பார்த்து வேண்டாம் என்று திரும்புவதும் சின்னத் திரையில் தெரிந்தது. அவளுக்கு அது பிடித்துப்போக, பழைய கமெராவை றூபன் பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருந்தான்.

வேலைக்குப் போக முன் இரண்டு நாள் காலையில் போய்க் கமெராவை இறக்கி பெர்த்தாவைத் தேடினாள். முதல் நாள் வெறும் சேறு. இரண்டாம் நாள் யாரோ எறிந்த, கால் உடைந்த கதிரை ஒன்று. குளிரில் விரல் மரத்ததுதான் மிச்சம். ஆனாலும் கோபம் அவளை வீட்டில் இருக்க விடவில்லை. குளிர் காலத்தில் கார்ப் ஆழத்தில் கூடிக் கிடக்கும். இந்த ஏரியில் ஆழம் என்றால் வில்லோ மரத்தடியில் தண்ணீருக்கு மேல் நீட்டி நிற்கிற தூண்டில் மேடையின் கீழ்தான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த மேடைக்குப் போனாள். லண்டன் பனிக்கட்டியில் ஏறி நிற்க முடியாது, மெல்லியது. மேடையில் முழங்காலில் இருந்தபடி இரும்புக் கம்பியால் குத்தினாள். ஒவ்வொரு குத்துக்கும் கொலினின் முகம் வந்தது. வாளியளவு துளை விழுந்ததும் வலைக்கரண்டியால் கட்டிகளை அள்ளி எறிந்துவிட்டு, கமெராவையும் புழு கோத்த தூண்டிலையும் இறக்கினாள். திரையை மடியில் வைத்து ஜக்கெற்றால் மூடிக்கொண்டு குனிந்தாள்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. மூழ்கிக் கிடந்த மரக்கிளைகள். வரி போட்ட பேர்ச் மீன் ஒன்று வந்து புழுவைக் கவ்வியது. தூக்கிக் கழற்றி விட்டாள். பிறகு இன்னொன்று. கமெராவின் வயரை மெல்ல முறுக்கித் திருப்பினாள். கிளைக்குப் பின்னால் ஒரு சுவர் மாதிரி ஏதோ இருந்தது. சுவர் அசைந்தது. செட்டை ஒன்று விசிறி போல விரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று செதில்.

பதிவுப் பொத்தானை அமத்தினாள். ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் பதிந்தாள். பிறகு எழும்பி, ஏரி அதிரக் கூப்பிட்டாள். “கொலின்!”

கரையில் இருந்த கிளப் குடிலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் ஓடி வந்தார்கள். தவராசாவும் வந்தார். கொலின் திரையைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

“கிழவி உயிரோடு இருக்கிறாள்!” என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் எமில்டாவின் தோளில் தட்டி, நல்ல கமெரா, எங்கே வாங்கினாய் என்று கேட்டார். அவள் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வாயில் இருந்தாவது ‘மன்னித்துக்கொள்’ வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

“அந்தப் பலகை?” என்றாள்.

“தை மாதக் கூட்டத்தில் பார்ப்போம்” என்றார் கொலின், திரையில் இருந்து கண்ணை எடுக்காமல். “அதில் தப்பில்லை என்றுதானே உன் நண்பரும் சொன்னார். தமிழை எழுதித் தந்ததே அவர்தானே.”

எமில்டா திரும்பினாள். தவராசா தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, நீங்களோ எழுதினது?”

“அது பிள்ளை... கொலின்தான் என்ன எழுத வேணும் எண்டு சொன்னவர். நான் மாட்டன் எண்டா என்னையும் சந்தேகப்படுவாங்கள். கூகிளிலை போட்டாலும் போடுவாங்கள்தானே, பிழை பிழையா வரும். அதுதான் நல்ல தமிழிலையாவது...”

“நல்ல தமிழிலை என்னைக் கள்ளி எண்டு எழுதினியள்!” அவள் குரல் தண்ணீருக்கு மேலால் போய் அடுத்த கரையில் மோதியது. “எனக்குப் பேசாமல் இரு எண்டு சொல்லிப்போட்டு! வாங்கோ. இப்ப வாங்கோ.”

தூண்டில் பெட்டியில் இருந்த கம்பி வெட்டும் குறட்டை எடுத்துக்கொண்டு கேற்றடிக்கு நடந்தாள். எல்லாரும் பின்னால் போனார்கள். கம்பியை வெட்டிப் பலகையைக் கழற்றி தவராசாவின் கையில் கொடுத்தாள்.

“வாசிங்கோ. பிறகு இங்கிலிஷிலை சொல்லுங்கோ. இவையளுக்கு விளங்கட்டும்.”

“எமில்டா, எல்லாருக்கும் முன்னாலை...”

“எல்லாருக்கும் முன்னாலைதானே இதைத் தொங்கவிட்டது. வாசிங்கோ அண்ணை.”

அவர் வாசித்தார். பிறகு இங்கிலிஷில் மெதுவாகச் சொன்னார். திருடி உண்பது. பொலிஸ். ஒப்படைப்பு.

ஒருவரும் சிரிக்கவில்லை. கிளப்பில் முப்பது வருடம் இருக்கும் மார்கரெட் என்ற கிழவிதான் முதலில் வாய் திறந்தாள். “கொலின், இரண்டிலும் ஒன்றுதான் எழுதியிருக்கு என்று நீ எங்களுக்குச் சொன்னாய்.”

கொலினின் காது சிவந்தது. “ஒரு எச்சரிக்கை தேவைப்பட்டது” என்றார்.

“யாருக்கு?” என்று எமில்டா கேட்டாள். “பெயரைச் சொல்லுங்கள்.”

அவர் குடிலுக்குத் திரும்பி நடந்தார்.

டிசம்பர் கடைசியில், நத்தாருக்கு முன், கிளப்பில் இருந்து கடிதம் வந்தது. ஏற்பட்ட தவறான புரிதலுக்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தது. தவறாக விளங்கியது யார், தவறு செய்தது யார் என்று இல்லை. கொலின் செயலாளராகவே இருந்தார். எமில்டா அந்தக் கடிதத்தின் அடியில், ‘இது மன்னிப்பு இல்லை, திரும்ப எழுதுங்கள்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். இரண்டாம் கடிதம் வரவில்லை. அவள் இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் கேட்டு எழுதினாள். கிளப்பை விட்டு விலகவும் இல்லை. விலகுவது அவர்களுக்கு வசதி.

மாசியில் ஒரு ஞாயிறு, அவள் மேடையில் இருக்க தவராசா வந்து தள்ளி நின்றார்.

“இன்னும் கோவமே பிள்ளை?”

“ஓம் அண்ணை.”

“எவ்வளவு நாளைக்கு?”

“தெரியாது. நீங்கள் அங்காலை போய் இருங்கோ, உங்கடை நிழல் தண்ணியிலை விழுது.”

அவர் போனார். எமில்டா புதுப் புழு ஒன்றைக் கோத்துத் தூண்டிலை எறிந்தாள்.