பெட்டியில் ராணி இருக்கிறதா

தை மாதத்தில் ஒருநாள் காலை சொக்கம்மாளின் தேன்பெட்டி வேறு மாதிரிச் சத்தம் போட்டது. வழக்கமான ரீங்காரம் இல்லை. ஆள் முனகுவதுபோல இழுத்துக்கொண்டே இருந்தது. ஈக்கள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல் வாசலில் குறுக்கும் நெடுக்கும் ஓடின. மகரந்தம் சுமந்து வருகிற ஈக்களும் குறைந்திருந்தன.

திருவொற்றியூரில் கிராமத் தொழில் பயிற்சிக்குப் போன பெண்களில் அவளுக்கும் பக்கத்து வீட்டு ஜெரினாவுக்கும் ஆளுக்கொரு காலிப் பெட்டி கிடைத்தது. போன கோடையில் பூ அற்றுப்போனபோது ஜெரினாவின் ஈக்கள் இந்தப் பெட்டிக்குள் புகுந்து தேனை வழித்துக்கொண்டு போயின. அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

சொக்கம்மாள் பெட்டியைத் திறந்தாள். எப்போதும் சாதுவான ஈக்கள். இன்று ஒன்று கண்ணிமையிலேயே கொட்டியது. தேனடையை வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தாள். அறைகளின் அடியில் நூல் துணுக்குபோல நிற்கும் வெள்ளை முட்டை ஒன்றுகூட இல்லை. புழு வளர்ந்து மூடிய பழைய அறைகள் மட்டும் இருந்தன. ராணி கண்ணில் படவில்லை.

துறைமுகத்தில் கிரேன் வேலை பார்க்கும் அவள் புருஷன் நீலமேகம் எட்டிப் பார்த்து, தடித்த கறுப்பு ஈ ஒன்றை ராணி என்று காட்டினான். அது ஆண் ஈ என்றாள்.

“அப்போ ராணி பூட்ச்சு. காலி பண்ணிடு,” என்றான் அவன்.

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. முட்டையிடத் தொடங்காத புது ராணி உள்ளே ஒளிந்திருக்கலாம். தெரிந்துகொள்ள ஒரே வழி, வேறு பெட்டியிலிருந்து புது முட்டையுள்ள அடையை எடுத்து உள்ளே வைப்பது. ராணி இல்லையென்றால் ஈக்கள் புதிதாக ஒன்றை வளர்க்க அதில் ராணி அறை கட்டும். இருந்தால் கட்டாது. அந்தத் தெருவில் வேறு பெட்டி ஜெரினாவிடம்தான் இருந்தது.

அரைநாள் யோசித்துவிட்டுப் போனாள். மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஜெரினா வீங்கிய கண்ணைப் பார்த்தாள்.

“முட்டை வச்ச அடை ஒண்ணு வோணும்.”

“ராணி இல்லியாக்கா?”

“அது தெரியத்தான் கேக்கறேன்.”

ஜெரினா கையைக் கழுவிவிட்டுத் தன் பெட்டியைத் திறந்தாள். தன் ராணி அந்த அடையில் இல்லை என்று பார்த்து, ஈக்களை உதறி, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள். “ஒங்க தேனைத் துன்னது எங்க ஈதான். அப்பவே வந்து சொல்லிருக்கணும்,” என்றாள். சொக்கம்மாள் அடையைக் கொண்டுபோய்த் தன் பெட்டியில் வைத்தாள்.

சில நாள் கழித்துப் பார்த்தபோது, அந்த அடையில் வேர்க்கடலைத் தோல்போல மூன்று அறைகள் தலைகீழாகத் தொங்கின. ராணி போனது நிச்சயம். கல்மண்டபம் பக்கம் இடிந்த சுவர்ப் பொந்திலிருந்து கூட்டத்தோடு அவளே கையால் பிடித்து வந்த ராணி அது. இல்லாமல் இருக்காது என்றே இதுவரை நம்பியிருந்தாள். அடையைப் பழையபடி வைத்துப் பெட்டியை மூடினாள்.

புது ராணி வெளிவந்து, இணைசேரப் பறக்கும் நாட்களில் கரிச்சான் ஒன்று தந்திக் கம்பியில் வந்து உட்கார்ந்தது. பறக்கும் ஈயைக் கொத்தித் தின்னும் குருவி அது. மத்தியானமெல்லாம் சொக்கம்மாள் இந்தப் பக்கமும் ஜெரினா அந்தப் பக்கமும் நின்று கல் விட்டு விரட்டினார்கள். ஜெரினா எறிந்த ஒரு கல் நீலமேகத்தின் சைக்கிள் மணியை உடைத்தது.

மாசி பிறந்து பெட்டியைத் திறந்தபோது ஈக்கள் கொட்டவில்லை. நடு அடையில் அறைக்கு ஒன்றாக முட்டைகள் நின்றன. சொக்கம்மாள் அடையைக் கையில் பிடித்தபடியே சுவரோரம் போய், ஜெரினாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.