பத்து நிமிடச் சுவர்

ஆய்வகச் சர்வரில் வெளியாட்களைத் தடுக்கும் ஃபயர்வால் என்ற சுவரை அவள் காலையிலிருந்து மூன்று முறை போட்டுவிட்டாள். பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். தட்டினால் ‘இயங்குகிறது’ என்று பதில் வரும். கோப்பையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி கேட்டால், ‘இயங்கவில்லை’.

பதினோரு மணிக்குத் தலைமை அலுவலகத்துச் சோதனைக்காரர் வெளியிலிருந்து தட்டிப் பார்ப்பார். சுவர் இல்லையென்றால் இணைப்பைத் துண்டித்துவிடுவார். நாலு வார்டுகளுக்கு இரத்தப் பரிசோதனை முடிவு போகாது. அதோடு, இந்த மூன்று மாத வேலையை வாங்கிக் கொடுத்த நாத்தனாரின் பெயரும் கெடும். இது நாத்தனாருடைய நாற்காலிதான். அவளுக்குப் பிரசவமாகி எட்டு நாள்.

தன் கைதான் தப்பாகத் தட்டுகிறதா, யாராவது உள்ளே புகுந்து அணைக்கிறார்களா, ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்து மேசை ஆய்வாளர், ஒரு தடவை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்களேன் என்றார். அதுதானே தானாக நடக்கிறது என்றாள்.

பத்தரை மணிக்கு, குழந்தை தூங்குமே என்று தயங்கித் தயங்கி நாத்தனாரை அழைத்தாள்.

“போட்டா நிக்க மாட்டேங்குது. பத்து நிமிஷத்துல அதுவா அணையுது.”



“அய்யோ அண்ணி, அது நான்தான்.”

முன்பொருமுறை தன் வழிக்கே அனுமதி கொடுக்காமல் சுவரைப் போட்டுவிட்டு, வெளியே மாட்டிக்கொண்டு, சர்வர் இருக்கும் கட்டடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போனாளாம். அந்தப் பயத்தில், விதிகளை மாற்றும்போதெல்லாம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுவரை அணைக்கும் கட்டளை ஒன்றை வைத்துவிட்டுத்தான் தொடங்குவாள், முடிந்ததும் எடுத்துவிடுவாள். கடைசியாக வைத்த அன்று, எடுப்பதற்குள் வலி வந்துவிட்டது.

“அதை அழிச்சிடுங்க. அதுக்கு முன்னாடி நீங்க உள்ள வர்ற வழிக்கு அனுமதி இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா உங்களுக்கும் ரெண்டு பஸ்தான்.”

பார்த்தாள். வார்டுகளின் வழிக்கு இருந்தது. அவள் வழிக்கு இல்லை. கொடுத்தாள். பழைய கட்டளையை அழித்துவிட்டுச் சுவரைப் போட்டாள். புதிதாக இன்னொரு திரை திறந்து நுழைந்து பார்த்தாள். விட்டது.

பதினொன்று பத்துக்குச் சோதனைக்காரர் அழைத்தார்.

“என்னம்மா, எங்க தட்டினாலும் திறக்கலையே?”

திட்டுகிறாரா, பாராட்டுகிறாரா என்று புரியவில்லை. “திறக்கணுமா சார்?” என்றாள்.

“திறந்திருந்தா இந்நேரம் இணைப்பை வெட்டியிருப்பேன்.”

போனை வைத்த பிறகும் நம்பிக்கை வராமல் பத்து நிமிடம் கழித்துக் கேட்டாள். இயங்குகிறது. அதற்கும் பத்து நிமிடம் கழித்துக் கேட்டாள்.

அணைத்துவிட்டுப் போட்டீர்களா என்றார் ஆய்வாளர். ஆமாம் என்றுவிட்டாள்.