தீயணைப்பு வண்டி ஓட்டுநர் தூங்கிய தீவு

தீயணைப்பு வண்டி ஓட்டுநர் நன்றாகத் தூங்கத் தொடங்கிய மூன்றாம் நாள், அவரும் மனைவியும் தங்கியிருந்த தீவு கரையிலிருந்து இரண்டு மைல் விலகிப் போயிருந்தது. முப்பத்தொரு வருட வேலையில் அவர் ஒரு நாளும் முழுசாகத் தூங்கியதில்லை. மணி அடித்தால் சோற்றில் வைத்த கையோடு எழுந்து ஓடியவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்த மணி காதுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. நெஞ்சு பலவீனம், ஆள் அரவமில்லாத இடத்தில் ஒரு மாதம் தூங்கட்டும், இல்லாவிட்டால் என்னைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் கையை விரித்த பின்புதான் இங்கே வந்தார்கள். ஐந்து அறை விடுதி, அதை நடத்தும் ஒரு பெண்மணி, தென்னைகள், வியாழன்தோறும் வரும் படகு, இவ்வளவுதான் தீவு. வந்த அன்று மத்தியானம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தவர், மறுநாள் மத்தியானம் எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார்.

விலகுவதை முதலில் கண்டது மனைவிதான். தபால் நிலையத்தில் பொடி எழுத்து முகவரிகளைப் படித்துப் பழகிய கண் அவளுக்கு. காலையில் சுண்டுவிரல் உயரம் தெரிந்த எதிர்க்கரைக் கலங்கரை விளக்கம் மாலையில் நகமளவு ஆகிவிட்டது. விடுதிக்காரி துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள்: "இங்க யாராவது அசந்து தூங்கினா தீவு நகர்ந்துடும்மா. முன்னாடி ஒரு வாத்தியார் தூங்கினார், ஏழு மாசம் படகே வரல. தூக்கம் தீர்ந்ததும் அதுவே திரும்பிடுச்சு."

"எங்க போகும்?"

"யாருக்குத் தெரியும்? கடல்ல எங்க பாத்தாலும் ஒரே மாதிரிதானே இருக்கு."

மனைவி விரல்விட்டு நாட்களை எண்ணினாள். மகளுக்கு இன்னும் ஐந்து வாரத்தில் பிரசவம். முதல் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. அன்று தாய் பக்கத்தில் இல்லை. "இந்தத் தடவை நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும்மா" என்று மகள் சத்தியம் வாங்கியிருந்தாள். கணவரிடம் சொன்னால் பதறி எழுந்துவிடுவார். தீவு நின்றுவிடும், கூடவே நெஞ்சும் நின்றுவிடலாம். இருவருக்கும் சேர்த்து அவளே கவலைப்பட்டுப் பார்த்தாள். சாப்பிடாமல், உட்காராமல் கரையோரம் நடந்தாள். அந்தக் கவலையைத் தீவு சட்டை செய்யவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வர வேண்டிய படகு பிற்பகல் மூன்று மணிக்கு வந்தது. படகோட்டி இறங்காமலே கத்தினான்: "கேன்ல இருக்குற டீசலை ஊத்தித்தான் திரும்பணும். அடுத்த வாரம் என்னால முடியாது. வர்றவங்க இப்பவே ஏறுங்க!"

அவள் அறைக்கு ஓடினாள். கையில் தட்டும் கரண்டியும் இருந்தன. நாலு தட்டு தட்டினால் போதும், மணி என்று நினைத்து எழுந்துவிடுவார். அவர் வாயைப் பிளந்து தூங்கினார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது, உதட்டின் நீலம் போயிருந்தது. வெளியே படகு இன்ஜின் உறுமியது. அவர் இமை துடித்தது.

"மணி அடிச்சுதா?" என்றார், கண் திறக்காமல். ஒரு கால் கட்டிலை விட்டு இறங்கித் தரையைத் தேடியது. வெளியே அலைச் சத்தம் மாறியது; தீவு தயங்கியது. அவள் தட்டையும் கரண்டியையும் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"இல்லீங்க. தூங்குங்க."

அந்தக் காலை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். மாத்திரைகளை விடுதிக்காரியிடம் கொடுத்தாள். "எழுந்து கேட்டா, பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கேன்னு சொல்லுங்க. அவசரம்னு மட்டும் சொல்லிடாதீங்க." முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து படகில் ஏறினாள். திரும்பிப் பார்த்தபோது தீவு வாழைத்தாரளவு இருந்தது, அப்புறம் அதுவும் இல்லை.

மகள் பத்தொன்பது மணி நேரம் வலியில் கிடந்து பெண் குழந்தை பெற்றாள். அவள் இறுகப் பிடித்திருந்த தாயின் கை மூன்று நாள் வீங்கியிருந்தது. தீவு பற்றி மீனவர்கள்தான் அவ்வப்போது செய்தி கொண்டுவந்தார்கள். குறட்டைச் சத்தம் கேட்டது என்பார்கள், அவளும் அன்று நிம்மதியாகச் சாப்பிடுவாள். மழைக்காலம் முழுக்கச் செய்தியே இல்லை. அப்போது மெலிந்து துரும்பானாள். பதினாறாம் மாதம் ஒரு காலை, துறைமுக வாயிலை அடைத்துக்கொண்டு தீவு வந்து நின்றது. ஓட்டுநர் கால் நனையாமல் படிக்கட்டில் ஏறினார். சின்னத் தொந்தி வைத்திருந்தது.

"எழுப்பியிருக்கலாம்ல?" என்று அங்கே காத்து நின்ற மனைவியைக் கடிந்துகொண்டார். பாட்டியின் சேலையைப் பிடித்து நின்ற பேத்தியைப் பார்த்ததும் குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார்.

கப்பல்கள் உள்ளே வர முடியாமல் வரிசையில் நின்றன. ஆள் தூங்காமல் தீவு கரையை விட்டு விலகாது என்று விடுதிக்காரி சொல்லிவிட்டதால், பல வருடமாகத் தூக்கம் கெட்டிருந்த சுங்க அதிகாரி ஒருவர் வீட்டிலிருந்து தலையணை வரவழைத்து ஏறிப் படுத்தார். மாலைக்குள் வழி திறந்துவிட்டது.