தாய்மாமன் ஆடி முடிக்காத பாட்டு

இந்த வாரத்தில் இது ஐந்தாவது விசேஷம். ஆரணியிலிருந்து வேனில் காலை மடக்கி உட்கார்ந்து வெம்பாக்கம் வருவதற்குள் வேணுகோபாலுக்கு முட்டி இரண்டும் மரத்துவிட்டன. போதாக்குறைக்கு, இசைக்குழுவை நடத்தும் சின்னதுரை வழியிலேயே குண்டைத் தூக்கிப் போட்டார்.

"எல்லா மியூசிக்கும் லேப்டாப்லயே வந்துடுது வேணு. அடுத்த மாசத்துலேர்ந்து கீபோர்டு வேணுமான்னு யோசிச்சிகினு இருக்கேன்."

இருபத்திரண்டு வருஷம் வாசித்தவரிடம், இலையில் சட்னி வேண்டாம் என்பதுபோல் சொல்லிவிட்டார். வேணுகோபால் தறியை விட்டு இதற்கு வந்தவர். இந்த வயதில் எங்கே போய் நிற்பது?

லேப்டாப் வந்து இரண்டு வருஷமாகிறது. ஸ்பீக்கரெல்லாம் கூட்டத்தைப் பார்த்து நிற்கும். மேடையில் தாள அடி மட்டும்தான் காதில் இடிக்கும். தன் வாசிப்பும் அதில் எங்கோ கலந்திருக்கும் என்று நம்பி, ஒரு சுரம் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார் மனிதர்.

அன்று காதுகுத்து. தாய்மாமன் சீர்த்தட்டோடு பந்தலுக்குள் ஆடிக்கொண்டே வரும்போது லேப்டாப் நின்றுவிட்டது. அவர் தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார்.

"வாசி வேணு," என்றார் சின்னதுரை.

இதற்காகத்தானே வேணுகோபால் காத்திருந்தார். விட்ட இடத்திலிருந்து எடுத்தார். சத்தமே இல்லை. இன்னும் அழுத்தினார். ம்ஹூம்.

சவுண்டு பார்க்கும் கோகுல்ராஜ் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "ஸ்பீக்கருக்குப் போற உங்க ஒயரு எடுத்துகினு வரலண்ணா. லேப்டாப் வந்ததுலேர்ந்தே சொருகறதில்ல. உங்களுக்குத் தெரியும்னுதான் இருந்தேன்."

வேணுகோபாலுக்குக் கோபம்கூட வரவில்லை. அவமானமாக இருந்தது. எத்தனை கல்யாணம், எத்தனை திருவிழா. அத்தனையிலும் ஊமை வாசிப்பு.

லேப்டாப்புக்கு மறுபடி உயிர் வந்தது. பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. எப்படியோ போகட்டும் என்று வேணுகோபால் கைக்கு வந்தபடி தட்டினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாடகி ராதிகா மட்டும் பல்லவி எடுக்கவேண்டிய இடத்தில் எடுக்காமல் திகைத்து நின்றாள். சின்னதுரை பல்லைக் கடித்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

ராதிகா மைக்கைப் பொத்திக்கொண்டு வேணுகோபால் பக்கம் குனிந்தாள். "இன்னாண்ணா, தப்புத் தப்பா வாசிக்கிறீங்க? இங்க எனக்கு மியூசிக்கே கேக்காது. உங்க விரலப் பாத்துதான் எப்பவும் பாட்ட எடுக்கறேன்."

வேணுகோபால் விரல்களைச் சரியான கட்டைகளில் வைத்தார். அவள் அவற்றைப் பார்த்து எடுத்தாள். சின்னதுரை அங்கேயே நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

திரும்பி வந்து ஆரணியில் இறங்கும்போது சின்னதுரை, "அடுத்த மாசம் வந்தவாசியில ரெண்டு கல்யாணம் இருக்குது. நீயும் வந்துடு," என்றார்.

ஒயரைப் பற்றி அவரும் சொல்லவில்லை, வேணுகோபாலும் கேட்கவில்லை.