பழைய நம்பர்

வீடு மாறும்போது அன்னக்கொடி முதலில் கழற்றியது சாமி படத்தை அல்ல, போனை. பழைய சேலையில் சுற்றி, வேனில் மற்ற சாமான்களோடு போடவிடாமல், பெரும்பாறையிலிருந்து பேத்துப்பாறை வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். பெட்டி வந்தால் நம்பரும் கூடவே வந்துவிடும் என்று நினைத்திருந்தாள்.

டெலிபோன் ஆபீசுக்கு அவள் மாதக்கணக்கில் அலைந்த பிறகு லைன்மேன் அருள்தாஸ் வந்து சேர்ந்தான்.

"நம்பர் பெட்டியில இல்லக்கா, லைன்ல இருக்கு. இது வேற எக்ஸ்சேஞ்சு. புது நம்பர்தான் குடுப்பாங்க."

"பழைய நம்பருக்கு யாராச்சும் அடிச்சா?"

"அடிக்கிறவன் காதுல மணி கேட்டுக்கிட்டே இருக்கும். எடுக்கத்தான் ஆளு இருக்காது. நாளைக்கு அதையும் வெட்டச் சொல்லிட்டாங்க."

"வெட்டாதீங்க தம்பி."

"நான் என்ன கலெக்டராக்கா? ரெண்டு எக்ஸ்சேஞ்சுக்கும் போஸ்ட்டு ஏறுற ஒத்தக் கொரங்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் மகன் மதன், அப்பனோடு சண்டை போட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன். போன ஐப்பசியில் அங்கே தண்டவாளத்தில் ஒரு உடல் கிடந்தது. முகம் இல்லை. அவள் புருஷன் முருகவேல் போய், சட்டையைப் பார்த்து, மதன்தான் என்று சொல்லி, அங்கேயே எரித்துவிட்டு வந்தான். அன்னக்கொடி நம்பவில்லை. காரியம் முடிந்த கையோடு போன் வர ஆரம்பித்தது. எடுத்தால் பேச்சு இருக்காது. மூச்சு மட்டும் கேட்கும். இவள்தான் பேசுவாள். சாப்பிட்டாயா என்பாள், மிளகுக் கொடி காய்த்ததைச் சொல்வாள்.

"எவனோ சோலியத்த பய" என்பான் முருகவேல்.

"செத்தவன் போன் போட்டுக் கதை கேப்பானா? எம்புள்ள உசுரோட இருக்கான்."

அப்படியென்றால் மதன் இத்தனை நாளாகக் காலி வீட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறான்.

மறுநாள் வெள்ளனே எழுந்து போனைத் திரும்பவும் சேலையில் சுற்றினாள்.

"ஏ புள்ள, பித்துப் பிடிச்சிருச்சா?" என்றான் முருகவேல், பாயில் கிடந்தபடியே.

"ஒருதடவ கதைச்சு, வீடு மாறினதச் சொல்லிட்டு வெரசா வந்துர்றேன்."

பெரும்பாறைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசையில் பாதி வீடுகள் காலி. அவர்கள் இருந்த வீட்டின் கதவு வெறுமனே சாத்திக் கிடந்தது. உள்ளேயும் மூடுபனி புகுந்திருந்தது. சுவரில் தொங்கிய வயரில் போனை மாட்டி, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ரிசீவரை எடுத்துப் பார்க்கவில்லை. எடுக்கிற நேரம் பார்த்து அவன் அடித்துவிட்டால் என்ன செய்வது.

மணி அடித்தது.

அதே மூச்சு.

"மதா, அம்மா பேசுறேன்யா. வீடு மாறிட்டோம். புது நம்பர் இன்னும் குடுக்கல. நீ எங்க இருக்க, அத மட்டும் சொல்லு."

மூச்சு கொஞ்சம் வேகமானது. பிறகு நின்றுவிட்டது.

தலையைத் தூக்கினாள். வாசலில் அருள்தாஸ் நின்றான். தோளில் வயர்ச் சுருள்.

"அக்கா, இப்ப உள்ள மணி அடிச்சுச்சா?"

"ஆமா."

அவன் சுருளின் முனையைப் பார்த்தான். "போஸ்ட்டுல இருந்து சுவர் வரைக்கும் மொத்தத்தையும் அறுத்து எடுத்துட்டேனேக்கா. மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்."

வாசற்படியை அவன் தாண்டவில்லை. சற்று நேரத்தில் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

அன்னக்கொடி ரிசீவரை வைத்தாள். உயிரோடு இருப்பவன் எவனாலும் அறுத்த கம்பியில் கூப்பிட முடியாது. அதை அவளுக்கு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

வீடு மாறும்போது வீட்டில் செத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவது முருகவேல் குடும்பத்து வழக்கம். இலங்கைத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறிய அன்றும் அப்படிக் கூப்பிட்டுத்தான் வந்தார்களாம். இந்த வீட்டைக் காலிசெய்த அன்று அவன் தன் அப்பனைக் கூப்பிட்டான், ஆத்தாளைக் கூப்பிட்டான். மகன் பெயருக்கு வாயைத் திறந்தபோது பாய்ந்து பொத்தியவள் அன்னக்கொடிதான்.

போனைக் கழற்றாமல் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"மதா, நாங்க பேத்துப்பாறைக்குப் போறோம். வாய்யா."

ஆள் வெளியே வர நேரம் கொடுப்பதுபோல, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சாத்தினாள்.